அரசுத் தேர்வுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க யாரிடம் போவது?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 அறிவிக்கையை வெளியிட்ட நாளிலிருந்து கடைசி தேதி வரை, சிறு ஊர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டியிருக்கும் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் குறைவதில்லை. 2024ஆம் ஆண்டு அந்த ஒரு தேர்வுக்கு மட்டும் 20 லட்சத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கைபேசி இல்லாத இளைஞரை இன்று எங்கள் பகுதியில் காண்பது அரிது; ஆனாலும் விண்ணப்பம் என்று வந்துவிட்டால், எங்கேயாவது தவறிவிடுமோ என்ற அச்சத்தில் சான்றிதழ்க் கோப்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அருகில் நிற்பவர்களே அதிகம். நூலகத்தில் மாலை நேரங்களில் விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களுக்கு உதவி வருபவன் என்ற முறையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, எங்கே போய் விண்ணப்பிப்பது நல்லது என்பதுதான். தாமே கைபேசியில் நிரப்புவது, பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் அல்லது நூலகம், தெரிந்த அண்ணன் அக்காமார் என ஐந்து வழிகள் இருக்கின்றன. இவற்றை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது செலவை. நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு இரண்டை: தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு, வேலை முடிந்த பிறகு கணக்கு யார் கையில் இருக்கிறது.

பொறுப்பைப் பற்றிய விடை அறிவிக்கையிலேயே இருக்கிறது. இணையவழி விண்ணப்பத்தில் அளிக்கப்படும் எல்லாத் தகவல்களுக்கும் விண்ணப்பதாரரே முழுப் பொறுப்பு என்றும், தவறு ஏற்பட்டால் விண்ணப்பித்த இணைய சேவை மையத்தையோ பொது சேவை மையத்தையோ குற்றம் சாட்டக் கூடாது என்றும் தேர்வாணையம் ஒவ்வொரு அறிவிக்கையிலும் தெளிவாக எழுதுகிறது. 50 ரூபாய் வாங்கிக்கொண்டு நிரப்பிக் கொடுத்தவர் அவசரத்தில் ஒரு கட்டத்தை மாற்றி அழுத்தியிருந்தாலும், சான்றிதழ் சரிபார்ப்பு மேசையின் முன் நின்று பதில் சொல்ல வேண்டியவர் தேர்வு எழுதியவர்தான். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நாம் வாங்குவது தட்டச்சு உதவியை மட்டுமே. பொறுப்பை எங்கேயும் இறக்கி வைக்க முடியாது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு வழியின் மதிப்பும் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

இந்த வேலையில் இரண்டு கட்டங்கள் உண்டு என்பதையும் முதலில் பிரித்தறிய வேண்டும். தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவு 150 ரூபாய் கட்டணத்தில் செய்யப்படுவது. ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பெயர், பிறந்த தேதி, சாதிப் பிரிவு, கல்வித் தகுதி, ஆதார், புகைப்படம், கையொப்பம் எல்லாம் அங்கே ஏறுகின்றன. இது எந்தத் தேர்வுக்குமான விண்ணப்பம் ஆகாது. ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக விண்ணப்பித்து, அதற்குரிய கட்டணத்தைத் தனியாகச் செலுத்த வேண்டும்; குரூப் 4 தேர்வுக்கு அது 100 ரூபாய். பதிவு செய்துவிட்டோம், தேர்வு வந்தால் தானாக ஹால் டிக்கெட் வரும் என்று காத்திருந்து ஓர் ஆண்டை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதற்கட்டம் கடினமானது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவது. இரண்டாம் கட்டம் எளியது, அடிக்கடி வருவது. இரண்டுக்கும் ஒரே இடத்திற்கு ஓட வேண்டிய தேவை இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி.

பிரவுசிங் சென்டரின் பலம் அதன் கருவிகளில் இருக்கிறது. ஸ்கேனர் இருக்கிறது, பெரிய திரை இருக்கிறது, பிரிண்டர் இருக்கிறது. புகைப்படம் 20 முதல் 50 கேபி வரையிலும் கையொப்பம் 10 முதல் 20 கேபி வரையிலும் இருக்க வேண்டும் என்று இணையதளம் கேட்கும்போது, கைபேசியில் எடுத்த படத்தை அந்த அளவுக்குள் மங்காமல் கொண்டுவருவது புதியவருக்குப் பெரிய தலைவலி. நாள்தோறும் இதையே செய்கிறவர் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். எந்தப் பக்கத்தில் இணையதளம் நின்றுவிடும், எந்த நேரத்தில் பணம் செலுத்தினால் தடங்கல் வராது என்பதெல்லாம் அவருக்குப் பழக்கம். இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் கடை, நடந்து போகும் தூரம், பேரம் பேசக்கூடிய கட்டணம் ஆகியவையும் சேர்ந்து அதை மக்கள் முதலில் நாடும் இடமாக ஆக்கியிருக்கின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை தொடங்குவது கேள்விகளில். விண்ணப்பத்தில் சில கட்டங்கள் சான்றிதழைப் பார்த்து நிரப்பக்கூடியவை. சில கட்டங்கள் விண்ணப்பதாரரைக் கேட்டால்தான் தெரிபவை. கூட்டம் நிற்கும்போது இரண்டாம் வகைக் கட்டங்களும் ஊகத்தால் நிரப்பப்படுகின்றன. தமிழ்வழியில் பயின்றவரா என்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். தமிழ்வழியில் பயின்றவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2020இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்திற்குப் பிறகு, பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட பணிக்கு முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தமிழ்வழி என்று இருப்பதைப் பார்த்து ஆம் என்று அழுத்திவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பு வரை ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தது கடைக்காரருக்குத் தெரிய வழியில்லை. இதற்கு எதிரானதும் நடக்கிறது: பன்னிரண்டு ஆண்டும் ஊராட்சி, அரசுப் பள்ளிகளில் தமிழிலேயே படித்த ஒருவருக்கு, கேட்காமலேயே இல்லை என்று அழுத்தப்பட்டு, கையில் வந்த உரிமை போய்விடுகிறது.

கட்டணச் சலுகையிலும் இதே கதைதான். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்குத் தேர்வுக் கட்டணம் முழுவதும் விலக்கு. பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு மூன்று முறை மட்டும் இலவசம். அந்த மூன்று முறை என்பது, முந்தைய விண்ணப்பங்களில் சலுகை கோரியதை வைத்துக் கணக்கிடப்படுவது. ஏற்கனவே மூன்று முறை பயன்படுத்திவிட்டவருக்கு நான்காம் முறையும் சலுகை கோரிவிட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படும் நிலை வரும். எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்று கேட்டுவிட்டு நிரப்பும் கடைக்காரர் நல்லவர், அவரை விட்டுவிடாதீர்கள். திருமணமான பெண்களுக்கு இன்னொரு செய்தி: சாதிச் சான்றிதழ் தந்தையின் பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் பெற்றது ஏற்கப்படாது. சான்றிதழ் எண்ணை மட்டும் தட்டி ஏற்றிவிட்டு நகரும் அவசரத்தில் இதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. பல மாதங்கள் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில்தான் தெரிய வரும்.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது கணக்கு யாருடையதாக ஆகிறது என்பது. பதிவு செய்யும்போது மின்னஞ்சல் முகவரி கேட்கப்படும். வந்தவருக்கு மின்னஞ்சல் இல்லை அல்லது கடவுச்சொல் மறந்துவிட்டது என்றால், கடையின் பொதுவான முகவரி ஒன்றையே பலருக்கும் போட்டுவிடுகிற வழக்கம் இருக்கிறது. சில இடங்களில் கைபேசி எண்ணும் கடையினுடையதே. பதிவு எண்ணும் கடவுச்சொல்லும் மேசை இழுப்பறையில் ஒரு நீளமான நோட்டில் எழுதி வைக்கப்படும்; அடுத்த தேர்வுக்கும் அங்கேதான் வர வேண்டும். கடை மூடப்பட்டால், நோட்டு தொலைந்தால், வேலை பார்த்த பையன் வேறு ஊருக்குப் போய்விட்டால், தேர்வாணையம் அனுப்பும் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் யாரும் திறக்காத இடத்திற்குப் போய்ச் சேரும். சான்றிதழைப் பதிவேற்றம் செய்ய அழைத்த செய்தியைப் பார்க்காததால், மதிப்பெண் இருந்தும் வாய்ப்பை இழக்கும் நிலை இதனால்தான் வருகிறது.

ரயில்வே விண்ணப்பத்தில் இது நேரடியாகப் பணத்தையும் தொடுகிறது. ரயில்வே தேர்வு வாரியம் பொதுவாக 500 ரூபாய் கட்டணம் வாங்கி, முதற்கட்டக் கணினித் தேர்வை எழுதியவர்களுக்கு 400 ரூபாயைத் திருப்பித் தருகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், முன்னாள் படைவீரர் உள்ளிட்டோர் செலுத்த வேண்டிய 250 ரூபாய், தேர்வு எழுதினால் முழுவதும் திரும்பி வரும். அதற்கு வங்கிக் கணக்கு எண்ணை விண்ணப்பத்திலேயே கொடுக்க வேண்டும். பாஸ்புக் கொண்டுவரவில்லை என்றதும் வேறு யாருடைய எண்ணோ அங்கே ஏறிவிட்டால், தேர்வு எழுதியவருக்கு வர வேண்டிய தொகை அவருக்கு வராது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தேர்வு மையத்திற்கு இலவசமாக ரயிலில் போய்வர உரிமையுண்டு. விண்ணப்பத்தில் அதைக் கோரிச் சான்றிதழ் விவரத்தைக் கொடுத்தால்தான் அந்த அனுமதி கிடைக்கும். இந்தக் கட்டத்தைத் தாண்டிச் சென்றுவிடுவது நிரப்புகிறவருக்கு ஒரு நிமிட மிச்சம். தேர்வு மையம் வெளியூரில் விழுந்தால் விண்ணப்பித்தவருக்கு அது சில நூறு ரூபாய்.

இ-சேவை மையத்திற்கு வருவோம். தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் கீழ், அரசு கேபிள் டிவி நிறுவனம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், தனியார் முனைவோர் எனப் பல கைகள் வழியாக இவை நடக்கின்றன. இங்கே கட்டணம் அரசால் நிர்ணயிக்கப்பட்டது, ரசீது உண்டு, கூடுதலாகக் கேட்டால் புகார் செய்ய இடம் உண்டு. ஆனால் இதன் உண்மையான பயன் விண்ணப்பம் நிரப்புவதில் இல்லை, அதற்கு முன்பே தேவைப்படும் சான்றிதழ்களில் இருக்கிறது என்பது என் கருத்து. சாதிச் சான்றிதழ் 60 ரூபாய்க்கு இங்கே விண்ணப்பித்துப் பெறக்கூடியது. பள்ளிப் படிப்புக்கான தமிழ்வழிச் சான்றிதழுக்கும் இதே வழியில் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசுப் பணிக்குப் போகிறவர்கள் மாநிலச் சாதிச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு போதும் என்று நினைக்கிறார்கள். இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டைக் கோருவதற்கு மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். அறிவிக்கை வந்த பிறகு இதற்கு ஓடினால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர்வதற்குள் கடைசி தேதி நெருங்கிவிடும். ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில் வழங்கப்படுவதால் அதற்கு இன்னும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே இ-சேவை மையத்திற்கு அறிவிக்கை வராத மாதங்களில் போவதே சரி. விண்ணப்பத்தையும் அங்கேயே நிரப்பலாமா என்றால், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் கேட்டு நிரப்பும் மையமாக இருந்தால் நிரப்பலாம். பட்டா மாறுதலுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வரிசை நிற்கும் காலை வேளையில் அதை எதிர்பார்க்க முடியாது.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்ற பெயரில் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் இருக்கும் அலுவலகத்தை, பதிவைப் புதுப்பிக்க மட்டும் போகும் இடமாகவே பலரும் அறிந்திருக்கிறார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யும் அந்தப் புதுப்பித்தலும் இப்போது இணையத்திலேயே முடிந்துவிடுவதால், அலுவலகத்தின் பக்கமே போகாத தலைமுறை வந்துவிட்டது. ஆனால் தன்னார்வ பயிலும் வட்டம் அங்கேதான் நடக்கிறது. போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி வகுப்புகள், பாடநூல்கள், அறிவிக்கையைப் படித்துத் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லக்கூடிய அலுவலர்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். இந்த விண்ணப்பம் எனக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை சொல்ல இதைவிட நம்பகமான இடம் இல்லை. பிரவுசிங் சென்டரில் அந்தக் கேள்விக்கு வரும் விடை பெரும்பாலும், போட்டுப் பார்க்கலாம் என்பதாகத்தான் இருக்கும்.

நூலகங்களையும் இந்த வரிசையிலேயே வைக்கிறேன். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கென்று தனி இடம் உண்டு. அண்மை ஆண்டுகளில் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் நடத்தும் அறிவுசார் மையங்களில் கணினியும் இணையமும் கிடைக்கின்றன. அங்கே உங்களுக்காக யாரும் நிரப்பித் தர மாட்டார்கள். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அதே தேர்வுக்குச் சென்ற வாரம் விண்ணப்பித்தவராக இருப்பார், கேட்டால் சொல்லுவார். கட்டணம் இல்லை, அவசரப்படுத்துகிறவரும் இல்லை. குறை என்னவென்றால் நேரமும் தூரமும்தான். நூறு நாள் வேலைக்கோ கடை வேலைக்கோ போய்விட்டு மாலை ஆறு மணிக்குமேல் வீடு திரும்பும் ஒருவருக்கு, முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள மாவட்டத் தலைநகரின் அலுவலக நேரம் எட்டாதது. இந்த வழியை எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாமல் இருப்பது எனக்கு வருத்தமே. காவலர் தேர்வுக்கு மட்டும் நிலைமை சற்று மேல். சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் அறிவிக்கை வெளியிடும்போது மாவட்டக் காவல் அலுவலகங்களில் விண்ணப்பதாரர்களுக்கு உதவி மையம் திறக்கப்படுவது வழக்கமாகி வருகிறது.

தெரிந்தவர்களிடம் கேட்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்பே தேர்வு எழுதிய அண்ணனோ அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தால் அதைவிட நல்ல உதவி கிடையாது. அவர்களே வாங்கித் தனியாக நிரப்பி, முடிந்துவிட்டது என்று சொன்னால் அதில் பிரவுசிங் சென்டரின் குறைகள் எல்லாம் உண்டு, கேள்வி கேட்க முடியாத சங்கடம் கூடுதலாக உண்டு. கோச்சிங் சென்டர்களும் மாணவர்களுக்கு விண்ணப்பித்துத் தருகின்றன. அறிவிக்கையைக் கரைத்துக் குடித்தவர்கள் என்பதால் தவறு குறைவு. விண்ணப்பத்தோடு சேர்த்து வேலையும் வாங்கித் தருவதாக எவரேனும் சொன்னால், அவர் உறவினராகவே இருந்தாலும், சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும்.

தாமே நிரப்புவதைப் பற்றி இருக்கும் அச்சம் மிகையானது என்று நான் நினைக்கிறேன். தேர்வாணையத்தின் அறிவிக்கை தமிழிலேயே வெளிவருகிறது. பக்கங்கள் அதிகம் என்றாலும் வயது, கல்வித் தகுதி, கட்டணச் சலுகை, சான்றிதழ்கள் ஆகிய நான்கு பகுதிகளை மட்டும் நிதானமாகப் படித்தால் விண்ணப்பத்தில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எண், தேர்ச்சி பெற்ற மாதம், சாதிச் சான்றிதழ் எண், வழங்கிய அலுவலர், தேதி ஆகியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பாதியில் எழுந்து தேடப்போய் இணையதளம் வெளியேற்றிவிடும் தொல்லை இருக்காது. பெயர் விஷயத்தில் மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து ஒற்றை எழுத்தாக இருக்கும். ஆதாரில் அதே எழுத்து தந்தையின் முழுப் பெயராக விரிந்து, பெயருக்குப் பின்னால் போய் நிற்கும். விண்ணப்பத்தில் வர வேண்டியது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியான பெயர். ரயில்வே வாரியம் இப்போது ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு அப்படியே ஒத்துப்போகும்படி திருத்திக்கொள்ளச் சொல்கிறது. ஆதார் திருத்தம் ஒரே நாளில் முடிவதில்லை என்பதால் இதையும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

தாமே நிரப்புகிறவருக்கு உண்மையான தடைகள் மூன்று. ஆதாரோடு இணைந்த எண் அப்பாவினுடையதாக இருந்து, அவர் வேலையில் இருக்கும்போது ஓடிபி அவருடைய கைபேசிக்குப் போவது முதல் தடை. அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் உட்கார்வது இப்போதைக்கு வழி, எண்ணை மாற்றிக்கொள்வதே நிலையான வழி. பணம் கணக்கிலிருந்து கழிந்தும் விண்ணப்பம் முழுமையடையாமல் நிற்பது இரண்டாவது. விண்ணப்ப எண்ணோடு கட்டணம் செலுத்தப்பட்டதாகக் காட்டும் பக்கம் வராத வரை விண்ணப்பம் சேர்ந்ததாகக் கொள்ளக் கூடாது. கடைசி நாளன்று இப்படி நேர்ந்தால் சரிசெய்ய நேரம் இருக்காது. மூன்றாவது மொழி. வங்கித் தேர்வுகளைத் தமிழில் எழுதும் வாய்ப்பு எழுத்தர் பணிக்கு வந்துவிட்டது என்றாலும், அதன் அறிவிக்கையும் விண்ணப்பமும் தமிழில் இல்லை. ஆங்கிலம் தயக்கம் தரும் என்றால் அங்கே உதவி தேடுவதில் தவறே இல்லை.

ஆனால் வங்கித் தேர்வில் வேறு யாராலும் செய்து தர முடியாத பகுதிகளும் இருக்கின்றன. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ், புகைப்படம் கையொப்பத்தோடு இடது பெருவிரல் ரேகையையும், விண்ணப்பதாரர் தம் கையெழுத்திலேயே ஆங்கிலத்தில் எழுதிய உறுதிமொழியையும் பதிவேற்றச் சொல்கிறது. கையொப்பம் பெரிய எழுத்துகளில் இருந்தால் ஏற்காது. உறுதிமொழியை இன்னொருவர் எழுதினால் விண்ணப்பம் செல்லாது. தேர்வுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 850 ரூபாய் என்பதால் இங்கே ஒரு தவறு சிறிய செலவும் அல்ல. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வீட்டிலேயே நிதானமாக எழுதி, கையொப்பமிட்டு, ரேகை வைத்து எடுத்துக்கொண்டு போனால் கடையில் ஸ்கேன் செய்வது மட்டுமே மிச்சம் இருக்கும். கடை மேசையின் ஓரத்தில் நின்றுகொண்டு, பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்க, அவசரமாக எழுதிய கையெழுத்து தேர்வு மையத்தில் எழுதும் கையெழுத்தோடு ஒத்துப்போகாமல் போவதற்கு இடம் இருக்கிறது.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து நான் பரிந்துரைப்பது இதுதான். முதல்முறை விண்ணப்பிக்கும் ஒருவர், ஒருமுறைப் பதிவை அறிவிக்கை எதுவும் வராத ஓர் அமைதியான வாரத்தில், வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ நூலகத்திலோ அனுபவமுள்ள உறவினரோடோ உட்கார்ந்து, தம் எண்ணிலும் தம் மின்னஞ்சலிலும் செய்துகொள்ள வேண்டும். புகைப்படத்தையும் கையொப்பத்தையும் சான்றிதழ்களையும் உரிய அளவில் ஆக்கித் தர மட்டும் பிரவுசிங் சென்டருக்குப் போய், அந்தக் கோப்புகளைத் தம் கைபேசிக்கும் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம். இப்படிச் செய்துவிட்டால் அடுத்தடுத்த தேர்வுகளுக்குக் கைபேசியிலிருந்தே விண்ணப்பிக்க அதிக நேரம் ஆகாது. கடைக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம். மாவட்டத் தலைநகருக்குப் போக முடியாதவர், வீட்டில் படித்தவர் இல்லாதவர், கைபேசித் திரை உடைந்தோ நினைவகம் நிரம்பியோ இருக்கிறவர் ஆகியோருக்கு பிரவுசிங் சென்டரே சரியான வழி. அவர்கள் கூட்டம் இல்லாத முற்பகலில், கடைசி தேதிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு போக வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ரயில்வேக்கும் வங்கிக்கும் முதல்முறை விண்ணப்பிக்கிறவர் ஏற்கனவே அதில் தேர்ச்சி பெற்ற ஒருவரையோ வேலைவாய்ப்பு அலுவலகத்தையோ நாடுவது நல்லது. பொதுவாக நிரப்பித் தருகிற கடைக்கு அந்த விண்ணப்பங்களின் நுணுக்கம் எல்லாம் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

யார் நிரப்பினாலும் இறுதியாகச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன், முன்னோட்டப் பக்கத்தைத் திரையில் காட்டச் சொல்லி, கையில் அசல் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. கண் தாண்டிப் போகும் எழுத்து நாக்கில் தடுக்கும். அப்படியும் தவறு தப்பிவிட்டால் தேர்வாணையம் கடைசி தேதிக்குப் பிறகு திருத்துவதற்கு ஒரு வாய்ப்புத் தருகிறது. 2024 குரூப் 4 தேர்வுக்குப் பிப்ரவரி 28 கடைசி நாள். மார்ச் 4 முதல் 6 வரை திருத்திக்கொள்ள அனுமதித்தார்கள். மூன்று நாள்தான். அந்த மூன்று நாளில் கணக்கைத் திறக்கக் கடவுச்சொல் கையில் இருக்க வேண்டும். ரயில்வேயில் திருத்தத்திற்கு 250 ரூபாய் கட்டணம் தனி. கணக்கு தொடங்கும்போது கொடுத்த மின்னஞ்சல், கைபேசி எண், தேர்ந்தெடுத்த ரயில்வே வாரியம் ஆகியவற்றை அப்போதும் மாற்ற முடியாது. தவறு செய்துவிட்டோம் என்று புதிதாக இன்னொரு விண்ணப்பம் போட்டால் இரண்டும் நிராகரிக்கப்படும் ஆபத்து உண்டு.

ஏற்கனவே கடையின் எண்ணிலோ மின்னஞ்சலிலோ பதிவு செய்துவிட்டவர்கள் அடுத்த அறிவிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு எண்ணையும் கடவுச்சொல்லையும் இந்த வாரமே போய்க் கேட்டு வாங்கி, தம் கைபேசியில் உள்நுழைந்து பார்த்து, கடவுச்சொல்லை முதலில் மாற்றிவிட்டு, பிறகு எண்ணையும் மின்னஞ்சலையும் தம்முடையதாக ஆக்கிக்கொள்ள வேண்டும். அதே அமர்வில் தமிழ்வழி, சாதிப் பிரிவு, கல்வித் தகுதி ஆகிய பக்கங்களையும் ஒருமுறை திறந்து படித்துவிடலாம். பதிவு செய்து ஐந்தாண்டு எப்போது முடிகிறது என்பது அங்கே தெரியும்; அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியிலோ கைபேசியிலோ குறித்து வைத்துக்கொண்டால், புதுப்பிக்கும் வேலை அறிவிக்கை வெளிவந்த நாளன்று வந்து நிற்காது.